தலிப் சிங் சௌந்த்: ஓட்டில்லாமல் 29 வருடங்கள்

2004ல் லூசியானா மாநிலத்திலிருந்து பாபி ஜிண்டால் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அங்கே போகும் முதல் இந்திய வம்சாவளிக்காரர் அவர்தான் என்று நினைத்துக்கொண்டவர்கள் நம்மில் பலர். அவர் இரண்டாமவர். முதலாமவர் அதற்கு 48 வருடங்கள் முன்பே, 1956ல், கலிஃபோர்னியாவின் தென்கோடியிலிருந்து வென்று போயிருந்தார். அந்த மாநிலத்தில் ஆசியர்கள் சொந்தமாக நிலம் வாங்குவதைத் தடுத்த சட்டம், அவர் ஜெயித்த அதே நாள் வரை புத்தகத்தில் இருந்தது. அவர் பெயர் தலிப் சிங் சௌந்த். கணக்கில் டாக்டர் பட்டம் பெற்றவர், விவசாயி, உர வியாபாரி, கிராமத்து நீதிபதி.

வேட்பாளர்களின் கடந்தகாலத்தை அலசும்போது எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்று பார்ப்பது வழக்கம். சௌந்த் விஷயத்தில் அந்த அளவுகோல் பாதிக்குத்தான் உதவும். குடியேறிகளின் உரிமைக்காக அவர் செய்த பெரிய வேலை முழுக்க, அவருக்கு எந்தத் தேர்தலிலும் ஓட்டே இல்லாதபோது செய்தது.

1899 செப்டம்பர் 20ஆம் தேதி, பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் சஜ்ஜல்வாடி என்ற கிராமத்தில் பிறந்தார். தந்தை நத்தா சிங்கும் அவர் சகோதரர்களும் அரசாங்கக் கட்டுமான வேலைகளைக் குத்தகைக்கு எடுத்துச் செய்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாத குடும்பம்தான், ஆனால் ஊரில் பள்ளிக்கூடம் வரக் காரணமாக இருந்தது. தந்தை சிறு வயதிலேயே இறந்துவிட, சௌந்த் விடுதிகளில் தங்கிப் படித்து, ஜம்முவில் கல்லூரிக்குப் போய் 1919ல் கணிதத்தில் இளங்கலை முடித்தார். அந்த வருடம் ஏப்ரலில் அவருடைய மாவட்டத் தலைநகரில்தான் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. காந்தியின் பாதிப்பு ஏற்கெனவே உண்டு. போதாக்குறைக்கு, முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் ஜனநாயகத்தைப் பற்றிப் பேசிய பேச்சுகளையும் படித்திருந்தார். லிங்கனைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகு. வெள்ளைக்காரன் ஆளும் இங்கிலாந்து வேண்டாம், லிங்கனின் அமெரிக்கா போகலாம் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

1920ல் இங்கிலாந்து வழியாக எல்லிஸ் தீவில் வந்து இறங்கினார். மாம்பழம் போன்றவற்றை டப்பாவில் அடைக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவது திட்டம். சேர்ந்த இடம் பெர்க்லி. ஸ்டாக்டன் நகரத்தில் குருத்வாரா நடத்திய சீக்கியர்கள் பெர்க்லியில் இந்திய மாணவர்களுக்காக ஒரு விடுதியும் வைத்திருந்தார்கள். வயலில் கூலி வேலை பார்த்தவர்கள் தங்கள் காசில் கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்தார்கள் என்பதை, முதல் மாதச் சம்பளத்திலேயே அபார்ட்மெண்ட் எடுக்க முடிந்த நம் தலைமுறை கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். கோடை விடுமுறைகளில் பழப் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை. நடுவில் உணவுத் தொழிலை விட்டுக் கணிதத்துக்கே மாறி, 1922ல் முதுகலை, 1924ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆய்வு நீள்வட்ட உருளை சம்பந்தப்பட்ட சார்புகளைப் பற்றியது. மின்காந்த அலைகளில் மாத்யூ சார்புகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தப் பேட்டை தெரிந்திருக்கும்.

அவர் ஆய்வில் மூழ்கியிருந்தபோதே, 1923 பிப்ரவரி 19ஆம் தேதி, வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் பகத் சிங் திண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அன்றைய சட்டப்படி வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை கோர முடியும். திண்ட் முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அவர் தரப்பின் வாதம்: வட இந்திய உயர்சாதியினர் ஆரியர்கள், ஆரியர் என்றால் காகேசியர், காகேசியர் என்றால் வெள்ளையர். இந்த வாதம் வென்றிருந்தால் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள் எந்த வரிசையில் நின்றிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எப்படியோ, வாதம் தோற்றது. விஞ்ஞானிகள் என்ன சொன்னாலும், சாதாரண அமெரிக்கன் வெள்ளையன் என்று யாரை நினைக்கிறானோ அவனே வெள்ளையன் என்று நீதிபதி சதர்லேண்ட் எழுதினார்.

விளைவுகள் இரண்டு. ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்து அரசாங்கம் அதைத் திரும்பப் பிடுங்கத் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் 1921ல் குடியுரிமை பெற்றவர். அதையும் இழந்து, வெளிநாடு போய்வர அமெரிக்கக் கடவுச்சீட்டும் இல்லாமல், 1928ல் தற்கொலை செய்துகொண்டார். (அவர் மனைவி காலா பகாயின் பெயரைப் பெர்க்லியில் ஒரு தெருவுக்குச் சூட்டியிருக்கிறார்கள்.) இரண்டாவது விளைவு நிலத்தில் விழுந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1913லிருந்தே சட்டம் உண்டு. 1920ல் அது இன்னும் இறுகி, குத்தகையையும் தடுத்தது. ஜப்பானியர்களைக் குறிவைத்துப் போட்ட அந்தச் சட்டம் திண்ட் தீர்ப்புக்குப் பிறகு பஞ்சாபி விவசாயிகளின் கழுத்துக்கும் வந்தது. பலரும் வெள்ளைக்கார நண்பர்கள் பெயரிலும் வக்கீல்கள் பெயரிலும் நிலத்தை வைத்துக்கொண்டு பயிர் செய்தார்கள். நம்பிக்கைதான் பத்திரம்.

டாக்டர் பட்டம் வாங்கிய சௌந்துக்குக் கல்லூரி வேலை கிடைக்கிற நிலைமை இல்லை. ஊர் திரும்பவும் மனமில்லை. 1925ல் மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போனார். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் பாலைவனம், கொலராடோ ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து விளைநிலம் ஆக்கியிருந்தார்கள். கோடையில் 110 டிகிரியைத் தாண்டுவது அங்கே செய்தியே இல்லை. பருத்தி எடுக்கும் கூலிக் கூட்டத்துக்கு மேஸ்திரியாக ஆரம்பித்தார். பிறகு லெட்டூஸ், குதிரைமசால் என்று தானே பயிர் வைத்தார். விலை சரிந்து கடனில் மூழ்கினார். பொருளாதார மந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தில் பலரும் திவால் மனுப் போட்டுக் கடனிலிருந்து வெளியே வந்தார்கள். இவர் அதைச் செய்யாமல், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். இது அவருக்கு அந்த வட்டாரத்தில் எவ்வளவு பெரிய மூலதனமாயிற்று என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

1928ல் மரியன் கோசாவைத் திருமணம் செய்துகொண்டார். செக் நாட்டிலிருந்து குடியேறிய ஓவியர் குடும்பத்துப் பெண். குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையையும் இழப்பாள் என்று 1922ஆம் வருடச் சட்டம் ஒன்று இருந்தது. 1931ல்தான் அதைத் திருத்தினார்கள். அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான் இந்தக் கல்யாணம். ஒரு மகன், இரண்டு மகள்கள். பின்னாட்களில் மரியனும் குழந்தைகளும் லாஸ் ஏஞ்சல்ஸில் வசிக்க, சௌந்த் பள்ளத்தாக்கிலிருந்து காரில் போய்வந்து கொண்டிருந்தார்.

இதற்கிடையில் எழுத்தும் பேச்சும் நடந்தன. காதரின் மேயோ 1927ல் எழுதிய மதர் இந்தியா என்ற புத்தகம் இந்தியாவைச் சாக்கடையாகக் காட்டி அமெரிக்காவில் பரபரப்பாக விற்றதை அறிவோம். காந்தியே அதற்குப் பதில் எழுதினார். ஸ்டாக்டன் குருத்வாராக் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் சௌந்த் மை மதர் இந்தியா என்று ஒரு புத்தகம் எழுதி 1930ல் வெளியிட்டார். வக்கீல் வாதம் மாதிரியான நூல். இலக்கியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதா கோயில்களிலும் சங்கங்களிலும் இந்திய சுதந்திரம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் மறுக்காமல் போய்க்கொண்டிருந்த ஒரு லெட்டூஸ் விவசாயிக்கு அது முகவரி அட்டையாக உதவியது. பெர்க்லி மாணவராக இருந்தபோதே ஹிந்துஸ்தான் சங்கத்தின் தலைவராக இருந்தவர், மேடை புதிதல்ல.

1932ல் ரூஸ்வெல்ட் ஜெயித்ததிலிருந்து தன்னை ஜனநாயகக் கட்சிக்காரராகவே கருதினார். கட்சி உண்டு, ஓட்டு இல்லை.

குடியுரிமைக்கான முயற்சி உருப்பட்டது இரண்டாம் உலகப்போரில். 1942ல் கலிஃபோர்னியாவில் இந்தியர்கள் சேர்ந்து இந்தியா அசோசியேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சௌந்த் அதன் தலைவர். அதே வருடம்தான் அதே கலிஃபோர்னியாவில் ஜப்பானிய அமெரிக்கர்களை, அங்கேயே பிறந்து குடியுரிமையோடு இருந்தவர்களையும் சேர்த்து, முகாம்களுக்கு அனுப்பினார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். குடியுரிமை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதற்கு உகந்த காலமல்ல அது. ஆனாலும் காற்று ஒரு பக்கம் திரும்பியிருந்தது. ஆசியர்களை அமெரிக்கா ஒதுக்கும் சட்டங்களை ஜப்பான் தன் பிரசாரத்தில் பயன்படுத்தியது. நேச நாடான சீனாவின் மனம் கோணக் கூடாதென்று 1943ல் சீனர்கள் மீதிருந்த தடையை நீக்கினார்கள். இந்தியா அடுத்து. நியூயார்க்கில் இந்தியா லீகை நடத்திய வியாபாரி ஜே.ஜே.சிங் வாஷிங்டன் தாழ்வாரங்களில் செல்வாக்குள்ளவர். பசிபிக் கரையில் விவசாயிகளிடம் பணமும் ஆதரவும் திரட்டியவர்களில் முக்கியமானவர் சௌந்த். பெரும் புள்ளிகளின் பெயர்களுக்கு நடுவே, வயலில் வேலை முடித்துவிட்டு வந்து ஐந்தும் பத்துமாகக் கொடுத்த பஞ்சாபிகளின் பெயர்கள் சரித்திரத்தில் இல்லை.

குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ், ஜனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லர் இருவரும் கொண்டுவந்த மசோதா 1946 ஜூலை 2ஆம் தேதி ட்ரூமன் கையெழுத்தோடு சட்டமானது. இந்தியர்களும் பிலிப்பினோக்களும் இனி குடியுரிமை கோரலாம். புதிதாக வருபவர்களுக்கு ஒதுக்கீடு, இந்தியா முழுமைக்கும் வருடத்துக்கு 100 பேர். கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்கும் நண்பர்கள் இந்த எண்ணைப் படித்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். இந்த நூறு என்ற தடையை உடைத்த 1965ஆம் வருடச் சட்டத்திலும் அதே செல்லரின் பெயர் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் இங்கே வந்தது அந்தச் சட்டம் திறந்த வாசல் வழியாக.

1949 டிசம்பர் 16ஆம் தேதி சௌந்த் அமெரிக்கக் குடிமகன் ஆனார். வந்து 29 வருடங்கள் ஆகியிருந்தன. வயது ஐம்பது. அவர் ஒரு வருடம்கூடக் காத்திருக்கவில்லை. அதுதான் பிரச்சினையும் ஆயிற்று. 1950 தேர்தலில் வெஸ்ட்மோர்லண்ட் என்ற சிற்றூரின் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் பதவிக்கு நின்று ஜெயித்தார். தேர்தல் நாளில் குடியுரிமை வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்று சொல்லிப் பதவியை மறுத்துவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம்தான் குறைச்சல். 1952ல் அதே பதவிக்கு மறுபடி நின்று, மிகச் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்தத் தேர்தலின்போது ஓர் உணவு விடுதியில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி, இவர் நீதிபதியானால் கோர்ட்டுக்கு வருபவர்களுக்குத் தலைப்பாகையை இவரே தருவாரா, நாமே வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேலி செய்தாராம். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பதில் தனக்கு அக்கறையில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம் என்கிற அர்த்தத்தில் சௌந்த் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார். இத்தனைக்கும் அவரே அப்போது தலைப்பாகை அணிவதில்லை. இந்தக் கதையை அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றுவது, பதவியேற்ற பிறகு அந்தச் சிற்றூரின் சூதாட்டத்தையும் விபசாரத்தையும் போதைப்பொருளையும் விடாப்பிடியாகக் கட்டுப்படுத்தியதுதான். வந்தேறி என்று சந்தேகித்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஜட்ஜ் என்று அழைக்க ஆரம்பித்தது அப்போதிலிருந்து. 1953ல் உர வியாபாரமும் தொடங்கினார். பள்ளத்தாக்கின் விவசாயி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுமளவுக்குப் பழக்கம் வந்துவிட்டது.

1956ல் ரிவர்சைட், இம்பீரியல் என்ற இரண்டு மாவட்டங்களும் சேர்ந்த 29வது தொகுதி காலியானது. 1943லிருந்து அதை வைத்திருந்த குடியரசுக் கட்சியின் ஜான் பிலிப்ஸ் ஒதுங்கிக்கொண்டார். பிரதிநிதிகள் சபைக்குப் போகிறவர் ஏழு வருடங்கள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். சௌந்துக்கு அந்த ஏழு வருடம் நிறைவது 1956 டிசம்பரில், தேர்தலுக்குப் பிறகு, பதவியேற்புக்கு முன்பு. உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்த வக்கீல் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். நடக்கவில்லை. கணக்கு வாத்தியாரிடம் தேதிக் கணக்கில் மோதியிருக்க வேண்டாம்.

பொதுத்தேர்தலில் எதிரே நின்றவர் ஜாக்குலின் காக்ரன். ஒலியின் வேகத்தைத் தாண்டி விமானம் ஓட்டிய முதல் பெண், 1953ல். கணவர் ஃபிளாய்ட் ஆட்லம் அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். இண்டியோவில் இருந்த அவர்களின் பண்ணைக்கு ஐசன்ஹோவர் விருந்தாளியாக வந்துபோவார். காக்ரன் தானே விமானம் ஓட்டிக்கொண்டு பிரசாரத்துக்குப் போனார். சௌந்த் வீடு வீடாகப் போனார். மரியனும் பிள்ளைகளும் நண்பர்களும் ஆளுக்கொரு தெருவாகப் பிரித்துக்கொண்டு புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள், பார்பெக்யூ விருந்து வைத்தார்கள். ஏழை அநாதைபோல வளர்ந்து வானத்தில் சாதனை செய்த பெண் ஒரு பக்கம், இந்தியாவில் பிறந்த சீக்கியர் மறுபக்கம் என்பதால் தேசியப் பத்திரிகைகளும் எட்டிப்பார்த்தன. ஐசன்ஹோவர் கலிஃபோர்னியாவை வாரிச் சுருட்டிய அந்தத் தேர்தலில், அவருடைய சிநேகிதியைச் சௌந்த் சுமார் 3,300 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அன்றைக்குக் கலிஃபோர்னிய வாக்காளர்கள் முன் இன்னொரு கேள்வியும் இருந்தது: ஆசியர்களை நிலம் வாங்கவிடாத பழைய சட்டத்தை நீக்கலாமா? 1952லேயே மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியிருந்தாலும், ஏட்டிலிருந்து அதை நீக்கியது இந்த வாக்கெடுப்புதான்.

1957 ஜனவரியில் பதவியேற்றார். புது உறுப்பினருக்கு அரிதாகக் கிடைக்கும் வெளியுறவுக் குழுவில் இடம் கிடைத்தது. அந்த வருடம் சிவில் உரிமை மசோதா சபைக்கு வந்தது. கறுப்பர்களின் வாக்குரிமையைக் காக்க மத்திய அரசுக்குக் கொஞ்சம் அதிகாரம் தரும் மசோதா. பின்னால் செனட்டில் அதன் பல்லைப் பிடுங்கினார்கள் என்பது வேறு கதை. தென்மாநில உறுப்பினர்கள் சட்ட நுணுக்கங்களாக அடுக்கினார்கள். விவாதத்தில் சௌந்த் எழுந்து, ஒரே மாநிலத்தில் 13 கவுண்டிகளில் ஒரு கறுப்பர்கூட வாக்காளராகப் பதிவாகவில்லை என்ற உண்மையை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது என்ற கருத்தை முன்வைத்தார். ஜூன் 18ஆம் தேதி மசோதா 286க்கு 126 என்ற கணக்கில் சபையில் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் இவரும் ஒருவர். அவருடைய தொகுதியில் இந்த ஓட்டால் லாபம் பெரிதாக இருந்திருக்காது. ஓட்டுச்சாவடி வாசலில் நிற்க முடியாத ஒருவனாக 29 வருடம் இருந்தவர், அந்த எண் 13ஐத் தேடி எடுத்திருக்கிறார்.

அந்த வருடக் கடைசியில் ஆசிய நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் போனார். செப்டம்பரில்தான் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பு மாணவர்களைப் பள்ளிக்குள் அனுப்ப ராணுவம் வரவேண்டியிருந்தது. உலகமெங்கும் அந்தப் படங்கள் வந்திருந்தன. எங்கே போனாலும் அதைப் பற்றிய கேள்வி காத்திருந்தது. அவர் தன்னையே பதிலாகக் காட்டினார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசாங்கத்துக்கு இப்படி ஒருவர் கிடைத்தது வசதி. காட்சிப்பொருளாகப் பயன்பட்டார் என்று விமர்சிப்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. அவருடைய சுயசரிதை 1960ல் வந்தபோது அதன் தலைப்பே காங்கிரஸ்மேன் ஃப்ரம் இந்தியா. அதில் கசப்பு மிகக் குறைவு. பகாய் போன்றவர்களின் கதையைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தக் குறைவு உறுத்துகிறது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. இம்பீரியல் பள்ளத்தாக்கின் விளைச்சல் அன்று பிராசெரோ திட்டத்தை நம்பியிருந்தது. 1942லிருந்து 1964 வரை நடந்த அந்தத் திட்டத்தில் மெக்சிகோக் கூலியாட்கள் ஒப்பந்தத்தில் வந்து, அறுவடை முடிந்ததும் திரும்ப வேண்டும். தங்க உரிமை கிடையாது, குடியுரிமைக்கு வழி கிடையாது, ஓட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் காலாகாலத்தில் எல்லை தாண்டி வயலுக்கு வந்துசேர வேண்டும் என்பது அந்தத் தொகுதிப் பண்ணைக்காரர்களின் முதல் கவலை. சௌந்தும் பண்ணைக்காரர், அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் பண்ணைக்காரர்கள். இந்த விஷயத்தை அவர் பெரும்பாலும் அவர்கள் பக்கத்திலிருந்தே பார்த்தார். 1925ல் பருத்திக் கூலிகளுக்கு மேஸ்திரியாக நின்றவருக்கு அந்த ஆட்களின் வாழ்க்கை தெரியாதது அல்ல. எந்தக் குடியேறியின் உரிமை என்று கேட்டால், அவருடைய கணக்கிலும் ஒரு கோடு இருந்தது. எச்-1பி விசாவில் வந்து, கம்பெனி மாறினால் அந்தஸ்து போய்விடுமோ என்று பயந்து வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கொஞ்சம் புரியும்.

1958லும் 1960லும் சுலபமாகவே மறுபடி ஜெயித்தார். 1962 மே மாதம், வாஷிங்டனுக்கு விமானத்தில் போகும்போது பக்கவாதம் தாக்கியது. பேச்சு போயிற்று. துணையில்லாமல் நடக்க முடியவில்லை. ஜூனில் நடந்த உட்கட்சித் தேர்தலில் கட்சிக்காரர்கள் அவரையே மறுபடி வேட்பாளராக்கினார்கள். நவம்பர் தேர்தலுக்கு அவரால் பிரசாரம் செய்ய முடியவில்லை. பேசியே வளர்ந்த மனிதர், பேச்சில்லாமல் ஒரு தேர்தலில் நின்றார். மரியன்தான் ஈடுகொடுத்தார். குடியரசுக் கட்சியின் பாட் மார்ட்டின் ஜெயித்தார்.

அதற்குப் பிறகு பதினோரு வருடங்கள். 1965ல் செல்லரின் சட்டம் நிறைவேறியபோதும், அதே வருடம் கறுப்பர்களின் வாக்குரிமைக்கு உண்மையான பல் முளைத்தபோதும் அவர் சபையில் இல்லை. இந்திய டாக்டர்களும் என்ஜினியர்களும் விமானம் விமானமாக வந்திறங்கத் தொடங்கிய காலம். 1973 ஏப்ரல் 22ஆம் தேதி, மற்றுமொரு பக்கவாதத்தில், ஹாலிவுட்டில் காலமானார். கிளெண்டேலில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும், தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தியும் 2016ல் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதற்கு முன்பே, 2007 நவம்பரில், வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டடத்துக்குள் சௌந்தின் ஓவியத்தைத் திறந்துவைத்தார்கள். ரிவர்சைட் மாவட்டத்தில் டெமக்யூலா என்ற ஊரில் ஒரு தபால் நிலையத்துக்கும் அவர் பெயர். சான் டியேகோவிலிருந்து 15ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் ஒரு தபால்தலை வாங்குகிற சாக்கில் அங்கே இறங்கிப் பார்க்கலாம்.